திரைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்

தென் மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனைக்கு நான் வடிவமைத்துக் கொடுத்த முதல் தகவல் கியோஸ்க்கை (திரையைத் தொட்டு விவரம் அறியும் பெட்டியை), அது திறந்துவைக்கப்பட்டு ஆறு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். புறநோயாளிகள் கட்டடத்தின் முகப்பில், நான் விட்டுவந்த இடத்திலேயே அது நின்றுகொண்டிருந்தது. திரையும் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் திரையின் மேல்பாதியை மறைத்தபடி ஒரு வெள்ளைத் தாள் செலோடேப்பால் ஒட்டப்பட்டிருந்தது. அதில் நீல மார்க்கரில், "எக்ஸ்ரே – நேராப் போயி வலது பக்கம். ரத்தம் எடுக்க – மாடி, ரூம் 12. மாத்திரை – வெளியே, பின்பக்கம்" என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வாசல் காவலாளி உட்கார்ந்திருந்தார்.

கோபம் வந்தது உண்மைதான். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எதிர்ப்பக்கத் தூணில் சாய்ந்து நின்று கவனித்தேன். வந்தவர்களில் படிக்கத் தெரிந்தவர்கள் தாளைப் படித்துவிட்டுப் போனார்கள். படிக்காதவர்கள் ஸ்டூலில் இருந்தவரிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். நான் நின்ற நேரம் முழுவதும் திரையை யாரும் தொடவில்லை. அந்தத் தாளை எழுதியவர் என்னைவிட நல்ல வடிவமைப்பாளர் என்பதை மனதுக்குள் ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

நான் செய்திருந்தது என்ன என்று இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது. திரையின் முகப்புப் பக்கத்தில் எட்டுக் கட்டங்கள்: மருத்துவமனையின் வரலாறு, துறைகள், நலத்திட்டங்கள், புகைப்படத் தொகுப்பு, கருத்துப் பதிவு என்று வரிசையாக இருக்கும். துறைகளைத் தொட்டால் இருபத்துச் சொச்சம் துறைகளின் பட்டியல் விரியும்; அதில் ஒன்றைத் தொட்டால் அத்துறையின் சிறப்புகளைப் பற்றி இரண்டு பத்தி வரும்; அதற்கும் கீழே, பொடி எழுத்தில், அறை எண். அலுவலகத்தின் இணையதளத்தை எடுத்து நிமிர்த்தி நிற்கவைத்து, அதற்கு ஓர் இரும்புச் சட்டை மாட்டிவிட்டிருந்தேன், அவ்வளவுதான். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து இணையதளம் பார்ப்பவரும், கையில் சீட்டுடன், இடுப்பில் காய்ச்சல் குழந்தையுடன், பின்னால் கூட்டம் நெருக்க நிற்பவரும் ஒரே ஆள் என்று எண்ணிய வடிவமைப்பு அது.

மூன்றாண்டுகள் கழித்து வேறொரு மருத்துவமனைக்கு இதே வேலை வந்தது. இந்த முறை கணினியைத் திறப்பதற்கு முன்னால், மூன்று காலைப்பொழுதுகள் வாசல் காவலாளியின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள அனுமதி கேட்டேன். கண்காணிப்பாளர் அலுவலகத்தில் விநோதமாகப் பார்த்தார்கள். காவலாளிக்கோ, தன்னை வேவு பார்க்க வந்திருக்கிறேன் என்ற சந்தேகம் முதல் நாள் முழுவதும் தீரவில்லை. இரண்டாம் நாள் டீ வாங்கிக் கொடுத்தபோது, "எழுதிக்கிங்க சார், இன்னைக்கு நான் எத்தனை வாட்டி எக்ஸ்ரே எக்ஸ்ரேன்னு சொல்றேன்னு" என்று அவரே கணக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஓ.பி. சீட்டு எங்கே போட வேண்டும், சுகர் மாத்திரை இன்றைக்குக் கொடுக்கிறார்களா, ரிப்போர்ட் எத்தனை மணிக்கு வரும், காப்பீட்டு அட்டைக்கு எந்த ரூம், பாத்ரூம் எங்கே. மூன்று நாளும் சுற்றிச்சுற்றி இவைதாம். இந்த மருத்துவமனையில் என்னென்ன துறைகள் இருக்கின்றன என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. இன்னொன்றையும் அங்கேதான் கவனித்தேன்: பெரும்பாலோர் வாய் திறந்து கேட்பதே இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டுகிறார்கள். காவலாளி அதைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டித் திசை காட்டுகிறார். அவர்கள் அந்தக் கையின் திசையைப் பிடித்துக்கொண்டு முதல் திருப்பம் வரை போகிறார்கள். அங்கே வேறு யாரிடமோ மறுபடி சீட்டை நீட்டுகிறார்கள். முழு வழியையும் ஒரே மூச்சில் சொன்னால் யாருக்கும் நிற்பதில்லை. அடுத்த திருப்பம் வரைக்கும் சொன்னால் போதும். கேட்க வருபவர் பலசமயம் நோயாளியும் அல்ல. நோயாளி பெஞ்சில் உட்கார்ந்திருக்க, மகளோ மருமகனோ வந்து விசாரித்துக்கொண்டு போகிறார்கள். ஆகவே விடை திரையிலேயே நின்றுவிட்டால் பாதி வேலைதான் ஆயிற்று. அது பெஞ்சு வரைக்கும், அங்கிருந்து மாடி வரைக்கும் போய்ச் சேர வேண்டும்.

எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் டெண்டர் ஆவணங்களில் திரையின் அங்குலமும் கணினியின் நினைவகமும் பக்கம் பக்கமாக இருக்கும். இடத்தைப் பற்றி "நுழைவாயில் அருகில்" என்று இரண்டு சொல்தான் இருக்கும். என் முதல் கியோஸ்க்கில் அகச்சிவப்புச் சட்டம் பொருத்திய தொடுதிரை இருந்தது. திரையின் ஓரங்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்கும் பாய்ந்து ஒரு வலை போல நிற்கும். விரல் எங்கே அந்தக் கதிர்களை மறிக்கிறதோ அங்கே தொட்டதாகக் கணக்கு. விலை மலிவு, கண்ணாடி கெட்டி, நகத்தால் தொட்டாலும் பேனாவால் தொட்டாலும் எடுத்துக்கொள்ளும். ஆனால் வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது. கிழக்கு பார்த்த அந்த முகப்பில் காலை வெயில் நேராகச் சட்டத்தின் மேல் விழும்போது, கதிர்களை வாங்க வேண்டிய உணரிகள் திணறிப்போய்த் திரை மரக்கட்டையாகிவிடும். கூட்டம் அதிகமாக வருவதும் அதே நேரம்தான். புகார் சொன்னால், பராமரிப்பு நிறுவனத்தின் ஆள் பஸ் பிடித்து வந்து சேரப் பதினொரு மணியாகும். அதற்குள் வெயில் ஏறி, முகப்பில் நிழல் விழுந்து, எல்லாம் சரியாக வேலை செய்யும். "பழுது காணப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். இப்படி நான்கு முறை நடந்ததாகப் பிறகு பதிவேட்டில் பார்த்தேன்.

மழைக்காலத்தில் வேறொரு கூத்து. சாயங்காலம் விளக்கு வெளிச்சத்துக்கு வந்த ஈசல்கள் திரையில் மொய்த்துக் கதிர்களை மறித்ததில், ஆளில்லாத கியோஸ்க் தானாகப் பக்கம் பக்கமாகத் திறந்து மூடிக்கொண்டிருந்ததாம். பிரசவ வார்டுக்கு எதிரே நடந்த காரியம் என்பதால், அதற்கு வேறு விளக்கங்களும் அன்றிரவே பரவிவிட்டன.

இரண்டாவது கியோஸ்க்கில் இந்தத் தொல்லை வேண்டாமென்று, கைபேசியில் இருப்பது போன்ற, விரல் தோலின் மின் தன்மையை உணரும் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்றைத் தீர்த்தால் இன்னொன்று முளைக்கும் என்பதற்கு அது சாட்சி. சோதனைக்கு வைத்த முதல் நாளே ஒரு பாட்டி, ஆள்காட்டி விரலை வளைத்து நக நுனியால் கண்ணாடியைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் முறை, சீட்டின் மடிப்பு முனையால் தொட்டார். அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை. "நமக்கெல்லாம் வராது தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் செய்ததில் பிழையே இல்லை. பிறர் பொருளை, அதுவும் பளபளவென்று துடைத்து வைத்த கண்ணாடியை, விரல் ரேகை படாமல் நக நுனியால் தொடுவது நம்மிடம் மரியாதை. அந்த மரியாதையைப் பிழையாக எடுத்துக்கொள்ளும் கருவியைக் கொண்டுபோய் வைத்தவன் நான்.

அதன் பிறகு திரைக்குக் கீழே ஐந்து உலோகப் பொத்தான்களைப் பதித்தோம். அழுத்தினால் உள்ளே போகும், 'டிக்' என்று சத்தம் வரும், நகமோ விரல் முட்டியோ சீட்டு முனையோ எதனால் அழுத்தினாலும் வேலை செய்யும். காவலாளியிடம் அதிகம் கேட்கப்பட்ட ஐந்து கேள்விகளுக்கு ஐந்து பொத்தான்கள். மற்றவை எல்லாம் திரைக்குள். வாங்குபவர்களுக்கு இது பிடிக்கவில்லை. பொத்தான் வைத்தால் பழைய ஏ.டி.எம். மாதிரி இருக்கிறது என்றார்கள். ஏ.டி.எம்.மைத்தான் நம் மக்கள் பழகியிருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கடைசியில் காரியத்தை முடித்தது அந்த வாதம் அல்ல. பார்வையற்றோர் தடவிப் பார்த்து அழுத்தப் புடைப்புக் குறியுள்ள பொத்தான் வேண்டும் என்று நான் எழுதிய ஒரு வரிதான்.

தொடுவது என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு சிக்கல் இருக்கிறது. விரல் பட்டவுடன் வேலை நடக்க வேண்டுமா, விரலை எடுக்கும்போது நடக்க வேண்டுமா? 1988-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலாளர் பென் ஷ்னைடர்மனும் அவருடன் இருந்தவர்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். விரலைத் திரையில் வைத்து, நகர்த்திச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, எடுக்கும்போது தேர்வு நிகழும் முறையில் தவறுகள் குறைந்தன. அதே ஆண்டு அவர்களுடைய தொடுதிரைகள் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு தொல்லியல் கண்காட்சிக்கும் போயின. இன்று நம் கைபேசிகளில் பெரும்பாலான பொத்தான்கள் விரலை எடுக்கும்போதுதான் இயங்குகின்றன. ஆனால் எனக்கு முதலில் மென்பொருள் கொடுத்தவர்கள், வேகமாகத் தெரிய வேண்டும் என்று, பட்டவுடன் பாயும்படி செய்திருந்தார்கள். சேலை முந்தானை உரசினாலோ, தோளில் கிடக்கும் துண்டு சரிந்தாலோ அகச்சிவப்புத் திரை அதையும் விரலாக எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விடும். எடுக்கும்போது இயங்கும்படி மாற்றி, தொட்டிருக்கும் நேரத்தில் கட்டத்தின் நிறம் அழுத்தமாகும்படி செய்தபோது, பார்ப்பவர் தயங்கி, இது இல்லை என்று விரலை ஓரமாக நகர்த்தி எடுப்பதைக் கண்டேன். பொது இடத்தில் யோசிக்க அவகாசம் கொடுக்கும் அந்தச் சின்ன இடைவெளி எனக்கு மிகவும் பிடித்த விஷயமாகிவிட்டது.

அவகாசம் என்றதும் இன்னொன்று. யாரும் தொடாமல் முப்பது நொடி போனால் முகப்புப் பக்கத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது இந்த இயந்திரங்களில் பெரும்பாலும் ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்கும் கணக்கு. எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒருவருக்கு முப்பது நொடி என்பது இரண்டு வரி. மூன்றாம் வரிக்குப் போகும்போது பக்கம் மறைந்துவிடும்; தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக அவர் பின்வாங்குவார். நான் அதைத் தொண்ணூறு நொடியாக்கி, முடியப் போகும்போது "இன்னும் படிக்கிறீர்களா?" என்று கேட்கும்படி வைத்தேன். முகப்புக்குத் திரும்பிய பின் விளம்பரப் படம் ஓடுவதையும் நிறுத்தினேன். நலத்திட்டக் காணொளி ஓடிக்கொண்டிருந்தவரை அதன் எதிரே பெஞ்சைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். டி.வி.யை யாராவது போய்த் தொடுவார்களா?

வழிகாட்டும் வரைபடத்தில் நான் செய்த தவற்றை மறக்க முடியாது. கட்டட வரைபடத்தை, பொறியாளர் கொடுத்தபடி, வடக்கு மேலே இருக்குமாறு வரைந்திருந்தேன். கியோஸ்க் நிற்கும் சுவரும் அதற்குத் தோதாக இருந்தது: பார்ப்பவர் வடக்கு நோக்கி நிற்பார், படத்தில் வலது என்றால் நடக்கவும் வலது. நிறுவிய நாளில் அந்தச் சுவரில் மின் இணைப்பு இல்லை என்று, எலக்ட்ரீஷியன் எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டார். பார்ப்பவர் இப்போது தெற்கு நோக்கி நிற்கிறார். படமோ அப்படியே இருக்கிறது. வலது என்று படம் காட்டிய எக்ஸ்ரே அறை உண்மையில் இடப்பக்கம். இரண்டு வாரம் எத்தனை பேர் பிணவறைப் பக்கம் போய்த் திரும்பினார்களோ தெரியாது. நிற்பவரின் முகத்துக்கு நேரே இருப்பதுதான் படத்தின் மேல்பக்கமாக இருக்க வேண்டும் என்பதை மார்வின் லெவின் என்ற உளவியலாளர் 1982-லேயே எழுதிவிட்டார். படித்தும் இருந்தேன். மின் இணைப்பு எந்தச் சுவரில் இருக்கிறது என்று போய்ப் பார்க்கவில்லை. இப்போது எல்லாம் படத்தின் திசையை, நிறுவும் இடத்திலேயே மாற்றிக்கொள்ளும்படி வைத்துவிடுகிறேன். படத்தைவிடவும், "இந்தத் திரைக்கு முதுகைக் காட்டி நின்றால், உங்கள் வலது கைப்பக்கம்" என்ற வாக்கியத்தையே அதிகம் நம்புகிறேன்.

வாக்கியம் என்றால் தமிழ். எக்ஸ்ரே அறைக்கு "ஊடுகதிர்ப் பிரிவு" என்று திரையில் போட வேண்டும் என்று ஓர் அலுவலர் பிடிவாதமாக இருந்தார். நல்ல சொல்தான், எனக்கும் மறுப்பில்லை. ஆனால் டாக்டர் எழுதுவது எக்ஸ்ரே, காவலாளி சொல்வது எக்ஸ்ரே, அறை வாசலில் பெயின்டால் எழுதியிருப்பதும் எக்ஸ்ரே. திரை மட்டும் தனியாக ஒரு தமிழ் பேசினால், ஊடுகதிர் என்பது வேறு ஏதோ பெரிய சோதனை என்று நினைத்துப் பயப்படுவார்களே தவிர, அறையைக் கண்டுபிடிக்க மாட்டார்கள். அறை வாசல் பலகையில் என்ன சொல் இருக்கிறதோ அதுவே திரையிலும் இருக்க வேண்டும் என்று ஒரே விதியாக எழுதிக் கொடுத்தேன். பலகையை மாற்றும் நாளில் திரையையும் மாற்றிக்கொள்ளலாம். இன்றுவரை பலகை மாறவில்லை.

எழுத்தின் உடலும் ஆங்கிலத்துக்காக வார்த்த கட்டங்களுக்குள் அடங்குவதில்லை. "ஈ.என்.டி." என்று ஆங்கிலத்தில் மூன்றெழுத்தில் முடிவது "காது மூக்கு தொண்டைப் பிரிவு" ஆகும்போது கட்டம் பிதுங்கும். மென்பொருள் தன்னிச்சையாக வெட்டி மூன்று புள்ளி வைக்கும். அது எழுத்தை வெட்டுவதில்லை, கணினி எழுத்தைச் சேமித்துவைக்கும் யுனிகோடு குறியீட்டை வெட்டுகிறது. ஆகவே "தொண்டை" என்பது ஐகாரத்தை இழந்து "தொண்ட…" என்று நிற்கும், "கண்" புள்ளியை இழந்து "கண…" என்று நிற்கும். பழைய விண்டோஸ் எக்ஸ்பி இயந்திரங்களில் இந்திய மொழிகளுக்கான ஆதரவைத் தனியாக இயக்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் யுனிகோடில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும் ஒற்றைக் கொம்பு, முன்னால் நகராமல் பின்னாலேயே ஒரு புள்ளிவட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும். சீட்டு அச்சிடும் வெப்ப அச்சுப்பொறி இன்னும் மோசம். அதற்குள் தமிழ் எழுத்துருவே கிடையாது என்பதால் முதல் சோதனையில் வரிசையாகக் கேள்விக்குறிகளைத் துப்பியது. வாக்கியத்தை முதலில் படமாக மாற்றி, அந்தப் படத்தை அச்சிடச் சொன்ன பிறகுதான் தமிழ் வந்தது.

அந்த அச்சுப்பொறியில்தான் நான் இத்தனை வருடத்தில் கற்றுக்கொண்டதெல்லாம் இருக்கிறது. முதல் கியோஸ்க்கில் அச்சுப்பொறி கிடையாது. செலவு, தாள் சிக்கும், பராமரிப்பு என்று நானே வேண்டாம் என்றேன். காவலாளியின் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் சீட்டு என்ற பொருளின் பலம் தெரிந்தது. நம் அலுவலகங்களில் கையில் ஒரு சீட்டு இருந்தால் நான்கு பேரிடம் நீட்டிக் கேட்கலாம். சீட்டு இல்லாதவர் வெறுமனே கேட்கிறார். சீட்டு உள்ளவர் அனுப்பப்பட்டு வந்திருக்கிறார். அதனால் இரண்டாவது கியோஸ்க்கில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும், திரையில் விடை வருவதோடு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சீட்டும் வரும். அதில் மிகப் பெரிதாக அறை எண். அதன் கீழ் தளம். அதன் கீழ் முதல் திருப்பத்துக்கான ஒரே வரி. கொண்டுபோக வேண்டிய தாள்கள் இருந்தால் அவை. படிக்கத் தெரியாதவர் அதை எங்கே நீட்டினாலும், நர்ஸோ தூய்மைப் பணியாளரோ அடுத்த திசையைக் காட்டிவிடுகிறார்கள். திரையில் நான் வரைந்த அம்புக்குறிகள் செய்யாத வேலையை, வெயில் பட்டால் மங்கிப்போகும் அந்தத் தாள் செய்தது. மங்குவதைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் உண்டு. அரை மணி நேரத்துக்கு மேல் அது உயிரோடு இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

சீட்டில் துறையின் பெயரைப் போடாமல் எண்ணை மட்டும் போட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் இடத்துக்கு "நம்பிக்கை மையம்" என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர், வாசல் பலகையைப் பார்த்துக்கொண்டு உள்ளே நுழைய வேண்டியவரின் கால் தயங்குவதை அறிந்தவர். இருபத்தேழு அங்குலத் திரையில், பின்னால் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, மனநலப் பிரிவையோ பால்வினை நோய்ப் பிரிவையோ ஒருவர் தொட மாட்டார். எனவே எல்லா அறைகளையும் எண்களாலும் தேடலாம் என்று வைத்தோம். எண் டாக்டர் சீட்டிலேயே இருக்கிறது. ஒலி வழிகாட்டலும் அப்படியே. கூடத்துக்கே கேட்கும்படி "தாங்கள் தேர்ந்தெடுத்தது" என்று இயந்திரம் கூவக் கூடாது. பார்வையற்றோருக்கான குரல், காதொலிக் கருவியைச் செருகிய பிறகுதான் பேசத் தொடங்கும்.

உயரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சக்கர நாற்காலியில் இருப்பவர் கை எட்டும் உச்சவரம்பாக அமெரிக்க விதிகள் 48 அங்குலத்தைச் சொல்கின்றன. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டமும் 2021-இல் வந்த அணுகல் வழிகாட்டு நெறிகளும் இருக்கின்றன. ஆனால் சந்தையில் ஆயத்தமாகக் கிடைக்கும் பெட்டிகளில் பல, நின்றுகொண்டிருக்கும் ஆறடி ஆணுக்காகச் செய்தவை. பொத்தான்களைத் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் வைத்தபோது, சக்கர நாற்காலிக்காரர்களைவிட அதிகமாகப் பயன்படுத்தியவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளில் விசாரிப்பது அவர்கள்தாம். அடியில் காற்றுத் துளை வைக்காதீர்கள் என்பது மட்டும் கூடுதலாகச் சொல்ல வேண்டியது: காலையில் பினாயில் தண்ணீரை வாளியோடு வீசித் தரை கழுவும் நாட்டில், முதலில் சாவது அடியில் இருக்கும் விசிறிதான்.

ஆள் இல்லாமல் இயங்குவதற்காகத்தானே கியோஸ்க் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கர்நாடகத்தில் 2001 வாக்கில் 'பூமி' திட்டத்தின் கீழ் நில ஆவணங்களைக் கணினியில் ஏற்றி, தாலுகா தோறும் கியோஸ்க் வைத்து 15 ரூபாய்க்கு நகல் கொடுத்தார்கள். அங்கே விசைப்பலகையைத் தட்டியது ஓர் ஊழியர். விவசாயி பக்கமாக இரண்டாவது திரை ஒன்று திருப்பி வைக்கப்பட்டிருந்தது. ஊழியர் எதைத் தட்டுகிறார், தன் சர்வே எண்ணில் என்ன வருகிறது என்று விவசாயி நேரே பார்க்கலாம். ஆளை நீக்காமல், ஆள் செய்வதைக் கண்முன்னே வைத்தார்கள். ரயில் நிலையங்களில் தானியங்கி டிக்கெட் இயந்திரங்கள் வந்த பிறகு, அவற்றின் பக்கத்தில் நின்று டிக்கெட் எடுத்துக் கொடுக்க ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்களையே கமிஷன் அடிப்படையில் நியமித்தார்கள்; சென்னைப் புறநகர் நிலையங்களில் பார்த்திருப்பீர்கள். இதைக் கேலியாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் கேலிக்கு இடம் தெரியவில்லை. ஜன்னலுக்குள் ஒருவர் என்பது வரிசைக்குள் ஒருவர் என்று மாறியிருக்கிறது, வரிசையும் நகர்கிறது.

புதுச்சேரி வட்டாரத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் தொடங்கிய கிராமத் தகவல் மையங்கள் இதற்கும் ஒரு படி மேலே போயின. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியிருந்தது அலை உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அதை எடுத்து, ஒலிபெருக்கியில் ஊருக்கே வாசித்தார்கள். கணினி ஓர் அறைக்குள் இருந்தது. தகவல் படகுத்துறையில் கேட்டது. அந்தத் திட்டத்தின் சிறப்பாகக் கணினியைச் சொல்பவர்களைவிட, அந்தக் கூம்புக் குழாயைச் சொல்பவர்களே விஷயம் புரிந்தவர்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது நான் எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு கருத்துருவிலும், இயந்திரத்தின் விவரக் குறிப்புக்கு மேலே, மூன்று வரி இருக்கும். தாள் உருளையை யார் மாற்றுவார், அவர் பணிநேரம் என்ன, சாவி யாரிடம் இருக்கும். அறை மாறினால் திரையில் மாற்றும் அதிகாரம் யாருக்கு. கியோஸ்க்கின் பக்கத்தில் யார் உட்காருவார், அவருக்கு நாற்காலி யார் கொடுப்பார். முதல் இரண்டுக்கும் பதில் வந்துவிடும். மூன்றாவதை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். நானும் மறுபடி எழுதி அனுப்புகிறேன்.

சென்ற மாதம் அந்த இரண்டாவது மருத்துவமனைக்குப் போயிருந்தேன். காவலாளி மாறியிருந்தார், ஸ்டூல் மாறவில்லை. புதியவர் எட்டிக் கையை நீட்டி, வருபவர்களுக்குத் தானே பொத்தானை அழுத்திச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அச்சுப்பொறிக்கு மேலே செலோடேப்பால் ஒரு தாள்: "வெள்ளிக்கிழமை ஸ்கேன் கிடையாது. பேப்பர் தீந்தா ஜன்னல் 4-ல கேக்கவும்." அச்சுப்பொறியின் வாயைப் பாதி மறைத்துக்கொண்டிருந்தது. எனக்கு இந்த முறை கோபம் வரவில்லை. பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து அந்தத் தாளை அளந்தேன். அவர் என்ன சார் என்று கேட்டார். அடுத்த பெட்டியின் வரைபடத்தில், திரைக்கு வலப்பக்கம் கண் மட்டத்தில், ஏ4 தாள் ஒட்டும் அளவுக்கு ஒரு வெற்று உலோகப் பரப்பை விட்டிருக்கிறேன். நான்கு காந்தங்களும் அதோடு சேர்த்து.